கடை வாசலில் ஒரு பெட்ரோல் பங்க்

சகோதரிகளே, மாதச் சாமான் வாங்கும் நாள் என்றால் நம் வீடுகளில் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? டப்பாக்களைத் தட்டிப் பார்த்து லிஸ்ட் எழுதி, பைகளை உதறி எடுத்து, சின்னதுக்குச் செருப்பு மாட்டி ஒரு வழியாக வாசலுக்கு வந்து நின்றால், வீட்டுக்காரர் வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். "பெட்ரோல் அடியில கிடக்கு. முதல்ல பங்க், அப்புறம்தான் கடை" என்பார். பங்க் ஒரு திசையில், கடை ஒரு திசையில்!

"பேசாமல் கடை வாசலிலேயே ஒரு பெட்ரோல் பங்க் வைத்துவிட்டால் என்ன?" எங்கள் நெய்வேலி நகரியத்தில் நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் இப்போது இந்தப் பேச்சும் வருகிறது. பிளாக் பிளாக்காகப் பிரித்துக் கட்டிய ஊர் இது. நிழல் தரும் மரங்களும் நீளமான சாலைகளும் உண்டு. ஆனால் கடைசி பிளாக்கில் வீடு என்றால் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதே ஒரு பிரயாணம்தான். ஒரே இடத்தில் அரிசியும் பருப்பும் பெட்ரோலும் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஏற்கெனவே கூட்டம் அலைமோதும் ஒரு கடையோடு பெட்ரோல் பங்க்கைச் சேர்த்தால் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன சிரமம் என்று இந்தப் பக்கத்தில் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போமே.

புதுசு ஒன்றும் இல்லை

இது ஏதோ இன்று முளைத்த யோசனை என்று நினைக்காதீர்கள். பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் பக்கத்தில் 1963ல் கார்ஃபூர் என்ற நிறுவனம் ஒரு பிரம்மாண்டமான கடையைத் திறந்தது. 400 கார்கள் நிறுத்த இடம் விட்டு, கூடவே பெட்ரோல் பங்க்கும் வைத்தார்கள். பெட்ரோலை மலிவாகக் கொடுத்தால் ஜனங்கள் காரோடு வருவார்கள், வந்தவர்கள் கடைக்குள் நுழையாமலா போவார்கள் என்ற கணக்கு!

அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற கடையைப் பற்றி, பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருஷச் சந்தா கட்டி அங்கத்தினர் ஆனவர்களுக்குத்தான் அங்கே சாமான். கடை என்பதைவிடக் கிடங்கு என்பதே சரி. மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக வாங்க வேண்டும். 1976ல் ஸால் பிரைஸ் என்பவர் சான் டியாகோ நகரில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் 'பிரைஸ் கிளப்' என்று ஆரம்பித்து வைத்த வழி இது. காஸ்ட்கோ 1983ல் சியாட்டில் நகரில் பிறந்தது. 1993ல் இரண்டும் ஒன்றாகின. 1995ல் அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்துக் கடையில் முதல் பெட்ரோல் பங்க்கைச் சேர்த்தார்கள். அதன் பிறகு கடைக்குக் கடை பங்க் என்று ஆகிவிட்டது.

என் அக்கா பெண் அங்கே இருக்கிறாள். போனில் பேசும்போது இந்த விஷயத்தைக் கேட்டேன். "ஆமாம் சித்தி, வெளியில விக்கிறதைவிட விலை குறைவு. அதனால எப்பவும் நீளமா கியூ. ஆனா எல்லா வண்டியும் ஒரே பக்கமாத்தான் போகணும். டாங்க் மூடி எந்தப் பக்கம் இருந்தாலும் எட்டுற மாதிரி குழாய் நீளமா இருக்கும். கடை திறக்கிறதுக்கு முந்தியே பங்க்கைத் திறந்துடுவாங்க" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்: "இங்கே கடைக்கு நடந்து வர்றவங்க யாரு சித்தி? எல்லாருமே கார்லதான் வர்றாங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பண்டகசாலை

அமெரிக்காவை விடுங்கள். அங்கத்தினர் ஆகி, கிடங்கு மாதிரிக் கடையில் சாமான் வாங்குவது நமக்குத் தெரியாததா? நம் கூட்டுறவு 'பண்டகசாலை' என்ற பெயரிலேயே கிடங்கு இருக்கிறதே! சென்னைத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904ல் பிறந்தது. 1962ல் சீனப் போர் வந்த சமயம், சாமான் விலை எகிறிவிடக் கூடாது என்று மத்திய அரசு திட்டம் போட்டு, தேசமெங்கும் நுகர்வோர் கூட்டுறவு மொத்த விற்பனைப் பண்டகசாலைகளை வளர்த்தது. கோவையில் 'சிந்தாமணி' என்று சொன்னாலே போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். அந்தச் சிந்தாமணி மளிகைக் கடைகளோடு பெட்ரோல் பங்க்குகளையும் நடத்தி வருகிறது. பக்கத்துக் கேரளத்தில் மாவேலி ஸ்டோர்களை நடத்தும் சப்ளைகோவும் பங்க்குகள் நடத்துகிறது. பங்கு போட்டவர்களுக்குப் பங்க்கும் சொந்தம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் நம் ரேஷன் கடை. அரிசி, சர்க்கரை, பாமாயில் கொடுத்த அதே கடைதானே மண்ணெண்ணெயும் ஊற்றியது? இங்கே நெய்வேலியில் என் சின்ன வயதில் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த 'லெக்கோ' கட்டிகள் அடுப்பில் எரிந்த வீடுகள் நிறைய. ஆனாலும் மண்ணெண்ணெய் டின் இல்லாத வீடு கிடையாது. அந்த டின்னையும் அரிசிப் பையையும் ஒரே கையில் எடுத்துப் போனால் பாட்டி விடமாட்டார். "சோத்துல வாடை அடிக்கும்டி" என்பார். கடைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பல ஊர்களில் அரிசிக்கு ஒரு நாள், மண்ணெண்ணெய்க்கு ஒரு நாள். பீப்பாய் இருந்தது பின்பக்கம், இல்லையென்றால் தனி அறை. எரிகிற சாமானையும் தின்கிற சாமானையும் ஒரே கடை விற்கலாம், ஆனால் ஒரே வாசலில், ஒரே நேரத்தில் விற்கக் கூடாது என்று அன்றைக்கே புரிந்து வைத்திருந்தார்கள்.

விலை குறையுமா?

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். "கூட்டுறவுக் கடையில் பங்க் வந்தால் பெட்ரோல் சல்லிசாகக் கிடைக்குமா அக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கேட்டாள். கிடைக்காது அம்மா! அமெரிக்காவில் கடைக்காரரே விலையை வைக்கலாம். இங்கே பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்கள்தான் வைக்கின்றன. 2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் அரசின் நேரடி விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றும் முறை வந்தது. இருந்தாலும் ஒரே ஊரில் பங்க்குக்குப் பங்க் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இருப்பதில்லை. பங்க் நடத்துபவருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன்தான்.

அப்படியானால் நமக்கு என்ன லாபம்? மூன்று உண்டு.

முதலாவது, அலைச்சல் மிச்சம். கடைக்கும் பங்க்குக்கும் தனித்தனியாகப் போவதில் 6 கிலோமீட்டர் கூடுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 130 மில்லிக்கு மேல் செலவு. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 13 ரூபாய். மாதத்தில் நாலு தடவை என்றால் 50 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ வெங்காயமும் அதில் வராதா? பணத்தைவிட, நேரம் மிச்சம்.

இரண்டாவது, கமிஷன் தனியாருக்குப் போகாமல் சங்கத்துக்கு வருகிறது. அந்தப் பணத்தில் மளிகையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் குறைக்கலாம், கடைக் கூரையைச் சீர் செய்யலாம். செய்கிறார்களா என்று கேட்பது அங்கத்தினர்களாகிய நம் பொறுப்பு.

மூன்றாவது, நாணயமான அளவு. 100 கிராம் கடுகுக்குத் தராசு முள்ளைப் பார்க்கிற நாம், பெட்ரோல் போடும்போது மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறோம்! மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முத்திரை போட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருந்தால் தப்பில்லை. அதற்கு மேல் குறைந்தால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். புகார்ப் புத்தகம், இலவசக் காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எல்லாம் பங்க்கில் இருந்தாக வேண்டும். கழிப்பறை என்றதும் சில பேர் முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது! கடைக்குக் குழந்தையோடு வந்து திண்டாடும் தாய்க்குத்தான் அதன் அருமை தெரியும். சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் அதையும் புத்தகத்தில் எழுதலாம்.

சிரமம் யாருக்கு?

லாபத்தைப் பார்த்தாகிவிட்டது. இனி மறுபக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பெரிய கடை, வாசலை ஒட்டிப் பெட்ரோல் பங்க். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். முகூர்த்த நாள், சம்பள வாரம் வேறு. பெட்ரோலுக்கு நின்ற வண்டி வரிசை வளைந்து வந்து கடைப் படிக்கு முன்னால் நின்றது. என் மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டது. இரண்டு கையிலும் பை. இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் புகுந்து வரப் பார்த்தார். வரிசை நகர்ந்தது, ஒரு வண்டியின் கைப்பிடி பையில் மாட்டி இழுத்தது. கீழே விழுந்துவிட்டார். நல்லவேளையாக மணிக்கட்டில் சுளுக்கோடு போயிற்று. எண்ணெய்ப் பாக்கெட் உடைந்து படியெல்லாம் வழுக்கல். வண்டிக்காரர் பாவம், அவரும் பதறிப் போனார். "என் மேல தப்பில்லைம்மா, வரிசை நகர்ந்துச்சு, நானும் நகர்ந்தேன்" என்றார். அவர் சொன்னது வாஸ்தவம்தான். வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டி யாருமே யோசிக்கவில்லை.

மூன்று வாரம் மாமியாரால் தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் என் அக்கா பெண் சொன்ன வார்த்தையின் அர்த்தம் எனக்கு நன்றாக உறைத்தது. அங்கே கடைக்கு வருபவர் எல்லாரும் காரில் வருகிறார்கள். வரிசை நீண்டால் காரில் இருப்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். இங்கே கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நடந்து வருகிறோம். கையில் பை, இடுப்பில் பிள்ளை. பள்ளி விட்டு சைக்கிளில் வரும் பிள்ளைகள், பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். பங்க்கால் வரும் சௌகரியம் வண்டியில் வருகிறவருக்கு. அதன் சிரமம் முழுக்க நடந்து வருகிறவள் தலையில். இரண்டு பேரும் ஒரே கடைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கொஞ்சம் மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கூட்டர் நிற்க 2 மீட்டர். 20 வண்டி வரிசையில் நின்றால் 40 மீட்டர். ஒரு வண்டிக்கு 2 நிமிஷம், இரண்டு குழாய் வேலை செய்கிறது என்றால் கடைசி ஆளுக்கு 20 நிமிஷம். கார் என்றால் இடைவெளியோடு 5 மீட்டருக்கு மேல். பத்துக் கார் 50 மீட்டரைத் தாண்டிவிடும். எங்கள் ஊரில் ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசை மாதிரி வரும். அந்த நேரமும் சம்பள வாரமும் சேர்ந்தால் இந்த 40 மீட்டரும் 50 மீட்டரும் எங்கே நிற்கும்? கடைக்கு முன்னால் அத்தனை இடம் இருக்கிறதா, இல்லை தெருவில் வந்து நிற்குமா? பங்க் வைக்கலாம் என்கிற எவரிடமும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மூச்சுக் காற்றும் முக்கியம்

பெட்ரோல் வாடை சில பேருக்குப் பிடிக்கும். மசக்கைக்காரிகளுக்கோ குமட்டும். பிடிக்கிறதோ இல்லையோ, அந்த ஆவி நல்லதல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நம் நாட்டில் ஒழிந்தது, நல்ல காலம். ஆனால் பென்சீன் என்ற பொருள் பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நூற்றில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். மாதம் நாலு தடவை ஐந்து நிமிஷம் நிற்பதால் ஒன்றும் ஆகிவிடாது. நாள் முழுவதும் அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கும், பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கும்தான் கவலை. இன்னொன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். நம் மூக்குக்கு எட்டாதது, தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை மூக்குக்கு எட்டும். அதனால் கடை வாசலும் பங்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சரியில்லை.

இதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைப்படி, புதிதாக வரும் பங்க் பள்ளிக்கூடம், 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எண்ணெய் இறக்கும் வாய், பெட்ரோல் போடும் குழாய், ஆவி போகும் குழாய் இவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும். இட நெருக்கடி என்றால், வெடிபொருள் பாதுகாப்புத் துறை சொல்லும் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை விடலாம். அதற்கும் கீழே கூடாது. பங்க்கின் மேலே உயர் அழுத்த மின்கம்பி போகக் கூடாது. விற்பனை அதிகமாக இருக்கும் பங்க்குகளில் ஆவியை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்ளும் கருவியும் வேண்டும். புது பங்க் என்றால் மாவட்ட ஆட்சியரின் தடையில்லாச் சான்று இல்லாமல் வர முடியாது. ஆட்சேபம் இருந்தால் அங்கே எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிச் செய்தால் நல்லது

அப்படியானால் பங்க்கே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். பாட்டி காலத்து மண்ணெண்ணெய்ப் பாடத்தைக் கவனித்து வரட்டும் என்கிறேன். வாசலையும் நேரத்தையும் பிரித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

பங்க் கடைக்கு முன்னால் வேண்டாம், இடத்தின் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். பங்க்குக்கு வண்டி நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. கடைக்கு நடந்து வருகிறவர்களுக்கு வேறு வாசல். அந்த வழியை எந்த வண்டியும் குறுக்கே கடக்கக் கூடாது. நடுவில் ஒரு தடுப்புக் கம்பி, நடைபாதையில் ஒரு விளக்கு. இதற்கு லட்சம் லட்சமாகச் செலவாகாது. வரிசை நிற்க உள்ளேயே கோடு போட்ட இடம் வேண்டும். ஸ்கூட்டர் வரிசை தனி, கார் வரிசை தனி. பெட்ரோல் டாங்கர் லாரி, கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் வரக் கூடாது. லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும்போதுதான் ஆவியும் அதிகம், ஆபத்தும் அதிகம். கடை திறக்கும் முன்பே பங்க்கைத் திறந்துவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் முன்னாடியே போட்டுக்கொண்டு போவார்கள். சாயங்காலக் கூட்டம் தானாகக் குறையும்.

இத்தனையும் செய்ய இடம் இல்லை என்றால்? அப்போது அந்த இடத்துக்குப் பங்க் பொருந்தாது, அவ்வளவுதான். கால் கிலோமீட்டர் தள்ளி அதே சங்கம் பங்க்கை நடத்தட்டுமே. கமிஷன் அப்போதும் சங்கத்துக்குத்தான் வரும். கடைக்கு முன்னால் நாம் நிம்மதியாக நடப்போம்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று கேட்பீர்கள். கூட்டுறவு சங்கத்தில் பங்குத்தொகை கட்டிய அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு உண்டு. பங்கு பத்து இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். வீட்டில் கார் இருப்பவருக்கும் நடந்து வருகிறவளுக்கும் அங்கே ஒரே மதிப்பு. ஆனால் பேரவைக் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தால் "நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவதுதானே நம் வழக்கம்? அவர் வண்டியில் போகிறவர். வரிசைக்கு நடுவில் புகுந்து வரும் கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் பெயரில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள். போய் உட்காருங்கள். எழுந்து நின்று, "வரிசை எங்கே நிற்கும்? நாங்கள் எங்கே நடப்பது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். போதும்.

வீட்டுக்குச் சில குறிப்புகள்

கடையும் பங்க்கும் ஒரே இடத்தில் இருந்தால் முதலில் பெட்ரோல், பிறகு சாமான். கை கழுவிவிட்டுக் கடைக்குள் போங்கள். பையிலே வாடை ஏறாது.

பெட்ரோல் போடும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி, தள்ளி நிற்க வையுங்கள். டாங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேரே குழாயை நீட்டுவது தினமும் பார்க்கும் காட்சியாகிவிட்டது. போன் பேச்சு வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ பெட்ரோல் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். தாகம் எடுத்த குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தப்பித் தவறிப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. 108க்கு போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

துணியில் பெட்ரோல் பட்டால் அதோடு அடுப்படிக்குள் போகாதீர்கள். துணியை மாற்றி, வெளியில் காற்றாட உலர்த்திய பிறகு துவையுங்கள். உடம்பில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் ஊரில் கடையோடு சேர்ந்த பங்க் இருக்கிறதா? அங்கே நடந்து வருகிறவர்களுக்கு வழி விட்டிருக்கிறார்களா? நல்லபடியாக நடக்கும் இடம் ஏதாவது இருந்தால் அவசியம் எழுதுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகள் பேரவைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.